இரட்டை முகச் சுத்தியல்

அத்தியாயம் 5

செத்துப்போன பெரியப்பாக்களில் வீடு வாசல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கோரல் வென்னின் பெரியப்பா சிரில் ஒரு தகரப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை அவள் எங்கள் ஆபீஸ் மேஜைமேல் தொப்பென்று இறக்கியபோது, அடியில் என் சாசேஜ் ரோல் இருந்தது. அப்போதுதான் சூடாக வாங்கி வந்தது. யாரும் அனுதாபம் தெரிவிக்கவில்லை.

எங்கள் துப்பறியும் ஆபீஸ் என்பது மில்லிகன் துறையில் மீன் வறுவல் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. முதலாளியம்மா வெர்னா பைபஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டத்தை மதிப்பிடுகிற வேலையில் இருந்தார். ஒருநாள் நிஜமாகவே மதிப்பிட ஆரம்பித்துவிட்டார், அதனால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் லாயிட் டாட்னல். ரேடியோவில் குதிரைப் பந்தய வர்ணனை சொன்னவன். ஓடாத குதிரையை ஜெயிக்க வைத்துவிட்டேன் என்று என் மைக்கைப் பிடுங்கினார்கள். இப்போது வெர்னாவுக்குக் காரோட்டுகிறேன், குடை பிடிக்கிறேன், கேட்காத யோசனைகளைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மழை நின்றால்தான் செய்தி, அதனால் குடை பிடிப்பதே முழுநேர உத்தியோகம்.

கோரல் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்த எல்லாவற்றின் மேலும் தார். கைப்பிடி இரண்டு வைத்த வளைந்த கத்தி ஒன்று. வளையம் கோர்த்த இரும்பு முளைகள். இரண்டு பக்கமும் தார் கட்டிக் கல்லாய் இறுகிப்போன ஒரு சுத்தியல். ஒரு சாக்கு நிறைய கனமான கறுப்பு வட்டத் தட்டுகள்.

"இதெல்லாம் என்னன்னு தெரியணும். சனிக்கிழமைக்குள்ள," என்றாள்.

"சனிக்கிழமை என்ன?" என்று கேட்டார் வெர்னா.

"படகுத்துறையில பலகை திறக்கறாங்க. கார்டன் ஆத்துல பைன் மரம் வெட்டின அத்தனை பேர் பேரையும் செதுக்கின பலகை. பெரியப்பா பேரைத் தவிர."

"ஏன் தவிர?"

"திருடனாம். மூஞ்சி அறுத்தவனாம்."

எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். ஆற்றோரத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஹியூன் பைன் என்கிற அந்த மரத்தை மேலே காட்டில் வெட்டுகிறவன், மரத்தின் வெட்டுமுகத்தில் தன் முத்திரையைச் சுத்தியலால் அடித்துத்தான் ஆற்றில் தள்ளுவான். வெள்ளம் வரும்போது எல்லார் மரமும் ஒன்றாகக் கலந்து கீழே வந்து சேரும். மரம் வாங்குகிற மில்காரன் முத்திரையைப் பார்த்துத்தான் இது இன்னாருடையது என்று பிரிப்பான். அடுத்தவன் மரத்தின் நுனியை முத்திரையோடு ஒரு வட்டமாக அறுத்துப் போட்டுவிட்டு, புது முகத்தில் தன் முத்திரையை அடித்துக்கொள்கிற பயல்தான் மூஞ்சி அறுத்தவன். பெண்டாட்டியை அடித்தவனுக்குக்கூட எங்கள் பாரில் நாற்காலி உண்டு. இவனுக்குக் கிடையாது.

"யார் சொன்னது?" வெர்னா கேட்டார்.

"கமிட்டித் தலைவர் நெவில் கிராடக். போஸ்ட் ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னார். 'உங்க பெரியப்பா உழைச்சவனா அறுத்தவனான்னு அவன் வச்சுட்டுப் போன சாமானே சொல்லும், கொண்டுபோய்க் காட்டு போ'ன்னு. எனக்கு எது என்னன்னே தெரியலை. பெரியப்பா இந்தப் பெட்டியத் தொடவே விடமாட்டார்."

அவள் சுத்தியலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"ஆஸ்பத்திரில என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். நானும் அந்த ஆத்துல வேலை செஞ்சவன்தான்னு எங்கயாவது எழுதி வைம்மான்னார். வேற எதுவும் கேட்கலை. அதைக்கூடச் செய்ய முடியலைன்னா நான் எதுக்கு?" என்றவள், அழுதாள்.

வெர்னா கைக்குட்டை தருகிற ரகம் இல்லை. எழுந்து மழைக்கோட்டை மாட்டினார். "லாயிட், வண்டிய எடு. ஷெட்டுக்குப் போவோம்."

"அங்க போனா எல்லாத்துக்கும் பேரு கிடைக்கும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு," என்றேன்.

*

எங்கள் ஊர் மென்ஸ் ஷெட், பென்ஷன் வாங்குகிற ஆண்கள் பெண்டாட்டிகளின் கண்ணில் படாமல் பறவைக் கூடு செய்கிற இடம். இந்த ஊரில் இருக்கிற பறவைகளைவிடக் கூடுகள் அதிகம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. 'தெரியாது' என்று யாரும் சொல்லக்கூடாது.

டெஸ் முளைகளில் ஒன்றை எடுத்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், ஆகவே சகலமும் அறிந்தவர். "மாட்டுக்குப் பல்லு பிடுங்கறது."

"மாட்டுக்கு எவன்யா பல்லு பிடுங்கினான்?" என்றார் வாலஸ். "கூடாரத்து முளை இது. சர்க்கஸ் கூடாரம்."

"சர்க்கஸ் எப்பய்யா இங்க வந்துச்சு?"

"நீ பஸ்ஸ ஓட்டினப்ப தினமும் நடந்துச்சே."

வெர்னா குறுக்கே போனார். "மரத்துல அடிச்சு, வளையத்துல சங்கிலி மாட்டி இழுக்கறதுதானே?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார்கள் இருவரும்.

வளைந்த கத்தி பட்டை சீவுவது என்று பத்து நிமிஷச் சண்டைக்குப் பிறகு முடிவானது. வட்டத் தட்டுகள் வலைக்குக் கட்டுகிற மிதவை என்று டெஸ் சாதித்தார். வாலஸ் ஒன்றை எடுத்துத் தன் டீ கப்புக்கு அடியில் வைத்து, "தாராளமா கோஸ்டர்," என்றார். வெர்னா மட்டும் ஒரு தட்டின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் கொஞ்சம் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் அதைத் தன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவர் சும்மா இருந்தால் எனக்கு பயம்.

மிச்சம் இருந்தது சுத்தியல்.

"இறைச்சி தட்டறது," என்றார் டெஸ்.

"வெண்ணெய்க்கு அச்சு," என்றார் வாலஸ். "எங்க அத்தை வச்சிருந்தா."

"உங்க அத்தை இதைத் தூக்கியிருந்தா ஒலிம்பிக்குக்குப் போயிருப்பாங்க," என்றேன்.

வெர்னா துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு பக்கத்தைத் துடைக்கத் தொடங்கினார். தார் மெல்ல இளகியது. துண்டு மரம் ஒன்றை எடுத்து வைத்து என்னிடம் சுத்தியலைத் தந்தார். ஓங்கி அடித்தேன். மரத்தில் ஒரு நங்கூரம் பதிந்திருந்தது, கொஞ்சம் மங்கலாக.

"பெரியப்பாவோட முத்திரை," என்றாள் கோரல். அவள் முகம் அன்றைக்கு முதல்முறையாகத் தெளிந்தது. "முத்திரைச் சுத்தியல். அவர் உழைச்சவர்தான். போதும், வெர்னா. இதைக் காட்டினா போதும்."

"இன்னொரு பக்கம் இருக்கே," என்றார் வெர்னா.

எனக்கு அந்தப் பக்கத்தைத் துடைக்காமலே கிளம்பலாம் என்று தோன்றியது. நல்ல செய்தி வந்த கையோடு எழுந்து போய்விட வேண்டும். பந்தயத் திடலில் நான் கற்ற ஒரே பாடம் அதுதான். வெர்னா துடைத்தார். நான் அடித்தேன். இந்தத் தடவை பதிந்தது ஒரு கிரீடம், கூர்மையாக, ஒவ்வொரு முனையும் தனித்தனியாக.

டெஸ்ஸும் வாலஸும் சண்டை போடாமல் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். அதுவே ஒரு சாதனை.

"அது கிராடக் வீட்டுக் கிரீடமாச்சே," என்றார் டெஸ்.

"அடுத்த வீட்டு முத்திரையையே செஞ்சு வச்சிருக்கான் பாரு," என்றார் வாலஸ்.

கோரல் சுத்தியலைப் பெட்டியில் வைத்து மூடினாள். "வேண்டாம், வெர்னா. வீட்டுக்குப் போறேன். அவர் என்கிட்ட பொய்தான் சொல்லியிருக்கார்."

"வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதல்ல நெவில் கிராடக்கைப் பார்க்கணும்."

"அவர்கிட்ட இதைக் காட்டவா? அவமானம் பத்தலையா?"

"காட்டாட்டியும் தெரிஞ்சிடும். டெஸ் போனை எடுத்துட்டாரு பாரு," என்றேன். டெஸ் ரிசீவரைப் பின்னால் மறைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

*

நெவில் கிராடக்கின் படகுக் கொட்டகை வாசலில் அவரே நின்றிருந்தார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற முகத்தோடு. உள்ளே மேஜைமேல் அந்தப் பலகை. பெர்சி கிராடக் என்பது முதல் பெயர். மற்றவர்கள் பெயரைவிட எழுத்து ஒரு விரல் பெரிசு.

"கமிட்டி முடிவு," என்றார், நான் பார்ப்பதைப் பார்த்து. கமிட்டி என்றால் அவரும் அவர் மனைவியும், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற பாதிரியாரும்.

"எங்கப்பா சுத்தியல் கிடைச்சிருக்காமே," என்று கையை நீட்டினார். "குடுங்க."

"உங்கப்பாவோடதுதானான்னு முதல்ல பார்த்துச் சொல்லுங்க," என்றார் வெர்னா. "அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

நெவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிரீடத்தைத் தடவிப் பார்த்தார். "இந்த நடு முனை இடதுபக்கமா சாய்ஞ்சிருக்கா? எங்கப்பா கையாலயே அராவினது. அவர் செஞ்ச கிரீடம் எல்லாமே தண்ணி போட்ட மாதிரி சாய்ஞ்சுதான் நிக்கும். வேற எவன் அராவியிருந்தாலும் நேரா வந்திருக்கும்."

"சத்தியமா?"

"பைபிள் மேல."

"லாயிட், கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன். எந்தக் குதிரை ஜெயிச்சதுன்னு போட்டோ எடுத்துப் பார்க்கவே தேவையில்லை."

"திருட்டுப்பய சுத்தியலைத் திருடி, பின்பக்கம் தன்னோட நங்கூரத்தை அராவிக்கிட்டான்," என்றார் நெவில். கோரல் தலையைத் தூக்கவே இல்லை.

வெர்னா பலகைக்குப் போனார். "உங்கப்பா பேருக்குக் கீழ மட்டும் ஒரு வரி எழுதியிருக்கே."

அதைப் படிக்கத்தானே நெவில் காலையிலிருந்து காத்திருந்தார். "கால் முறிந்த ஆண்டிலும் வெள்ளத்தில் அதிக மரம் இறக்கியவர். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். போர் முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இலையுதிர் காலத்துல ஒரு அடிமரம் உருண்டு, முட்டிக்குக் கீழ நொறுங்கிடுச்சு. குளிர்காலம் பூரா குவீன்ஸ்டவுன் ஆஸ்பத்திரியில கிடந்தார். வெள்ளம் வந்தப்போ மில்லுல எண்ணிப் பார்க்கறாங்க, கிரீடம் போட்ட மரம்தான் எல்லாத்தையும்விட அதிகம்."

"கட்டில்ல இருந்தே வெட்டியிருக்காரு," என்றேன். "நர்ஸம்மா கோடாலி எடுத்துக் குடுத்திருப்பாங்க."

"முன்னாடியே வெட்டி வச்சிருந்தாருய்யா."

"சிரில் மூஞ்சி அறுத்தது எந்த வருஷம்?" வெர்னா கேட்டார்.

"அதே வருஷம்தான். எங்கப்பா சிநேகிதங்க ரெண்டு பேர் கண்ணால பார்த்தாங்க. ஆத்து வளைவுல உட்கார்ந்து அறுத்துக்கிட்டு இருந்தான்."

"உங்க மரத்தை."

"பின்னே?"

"திருட்டு நடந்த வருஷம், திருட்டுக் கொடுத்த வீட்டு மரம்தான் ஊர்லயே அதிகம்," என்றார் வெர்னா. "நான் இத்தனை வருஷம் இன்ஷூரன்ஸ்ல இருந்தேன், நெவில். இந்த மாதிரி ஒரு நஷ்டத்தைப் பார்த்ததில்லை."

நெவில் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப வேற யாரோடதாவது இருக்கும்."

"அந்த வருஷம் யார் மரம் குறைஞ்சது?"

"யாரோடதும்..." என்று இழுத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சிரிலோடதுதான். ஒண்ணுகூட வந்து சேரலை. சாமி கூலி குடுத்துடுச்சுன்னு ஊர் சிரிச்சுது."

"ரொம்பத் திறமையான திருடன்," என்றேன். "திருடித் திருடித் தன் கையில இருந்ததையும் தொலைச்சுட்டான்."

வெர்னா சாக்கைக் கவிழ்த்தார். கறுப்பு வட்டங்கள் மேஜைமேல் உருண்டன. கோட்டுப் பாக்கெட்டிலிருந்து, ஷெட்டில் சுரண்டிய தட்டையும் எடுத்து வைத்தார். "மோந்து பாருங்க. நீங்க படகு கட்டற ஆளு."

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சுரண்டிய இடத்தில் மஞ்சளாகத் தெரிந்தது, வாசனை எனக்கே வந்தது. ஹியூன் பைன் எத்தனை வருஷம் கிடந்தாலும் உளுக்காது, வாசனையும் போகாது.

"மரத்து நுனி," என்றார் நெவில். "அறுத்த மூஞ்சிங்க, முத்திரை இருக்கற நடுப்பாகம் மட்டும். பார்த்தீங்களா? சாட்சியை அவனே சேர்த்து வச்சிருக்கான். தொடைங்க, கிரீடம் இருக்கும்."

"நீங்களே தொடைங்க," என்று வெர்னா மண்ணெண்ணெய்த் துணியை அவரிடம் கொடுத்தார்.

நெவில் ஆசையோடு துடைத்தார். தாருக்கு அடியிலிருந்து நங்கூரம் வந்தது. அடுத்ததை எடுத்தார். அதிலும் நங்கூரம். கோரல் எழுந்து வந்து கையால் ஒன்றைத் தேய்த்தாள், முந்தானை இல்லாத குறைக்கு ஸ்வெட்டரின் கையை வைத்தே தேய்த்தாள். நங்கூரம். துணி கறுத்துப் போகிறவரைக்கும் எல்லாமே நங்கூரம்.

"இதெல்லாம் பெரியப்பாவோட மரம்," என்றாள்.

"அவர் அறுத்தது தன் மூஞ்சியைத்தான்," என்றார் வெர்னா. "காட்டுல வெட்டி, நங்கூரம் அடிச்சு, எல்லாம் தயாரா வச்சிருந்தார். பெர்சிக்குக் கால் போச்சு. வெட்டி வச்சது ஒண்ணும் இல்லை, வீட்டுல பெண்டாட்டி, சின்னப்பசங்க. மில்காரன் முத்திரையைப் பார்த்துத்தானே காசு குடுப்பான்? அதனால சிரில் தன் பேரை அறுத்து எடுத்துட்டு, கிரீடத்தை அடிச்சார்."

"கட்டுக்கதை," என்றார் நெவில். குரலில் பழைய பலம் இல்லை. "எங்கப்பாவுக்கு இது தெரிஞ்சே இருக்காது."

"சுத்தியலைத் திருப்புங்க. நங்கூரம் அடிச்சு அடிச்சுத் தேய்ஞ்சிருக்கு. கிரீடம் ஒரு குளிர்காலத்தோட சரி, கத்தி மாதிரி இருக்கு. அப்ப எது முதல்ல வந்தது? இது சிரிலோட சுத்தியல். அதோட பின்பக்கத்துல யாரோ கிரீடத்தை அராவிக் குடுத்திருக்காங்க. யார் அராவினதுன்னு நீங்கதான் பைபிள் மேல சொன்னீங்க."

நெவில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அரத்தோடு ஒரு மனுஷன் என்று வர்ணனைகூடத் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"பெர்சி ஏன் வாயைத் திறக்கலை?" என்று கேட்டாள் கோரல். "ஊர் பூரா திருடன்னு சொல்லுது, கேட்டுக்கிட்டு எப்படி இருந்தார்?"

"முதல் வருஷம் பயம். பொய் முத்திரைன்னு தெரிஞ்சா மில்காரன் அத்தனை காசையும் நிறுத்தியிருப்பான். சிரிலும் அதனாலதான் பேசலை," என்றார் வெர்னா. "அதுக்கப்புறம் எல்லாரும் முதுகுல தட்டிக் குடுக்கறாங்க. அதைத் திருப்பிக் குடுக்கறது கஷ்டம்மா."

நெவில் கை நீட்டிப் பலகையில் அப்பாவின் பெயரைத் தடவினார். "எனக்கு அப்ப ஏழு வயசு," என்றார். "அந்த வருஷம்தான் எனக்குன்னே முதல்முதலா ஒரு ஜோடி ஷூ வாங்கினாங்க."

பிறகு எழுந்து கோரலிடம் வந்தார். "பேரைச் செதுக்கிடறேன். இன்னிக்கே நானே செதுக்கறேன். எங்கப்பா பேர் அளவுக்குப் பெரிசாவே. ஆனா இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும், கோரல். செத்துப்போனவரு. உங்க பெரியப்பாவே கடைசிவரைக்கும் சொல்லலையே."

இந்த இடத்தில் கோரல் பெருந்தன்மையாகத் தலையசைப்பாள் என்று எதிர்பார்த்தேன். கண் கலங்கத் தயாராகவும் இருந்தேன். அவள் அப்படியெல்லாம் செய்யவில்லை.

"முடியாது," என்றாள். "அவர் செத்தப்ப சர்ச்சுல நானும் பாதிரியாரும்தான் இருந்தோம். சவப்பெட்டியத் தூக்க ஆள் இல்லாம கடைக்காரங்களே தூக்கினாங்க. அவர் நல்லவர், அதனால சொல்லலை. நான் அவ்வளவு நல்லவ இல்லை. பேரைச் செதுக்குங்க. ஏன் செதுக்கினீங்கன்னு சனிக்கிழமை மைக்ல நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். உங்க வாயால வந்தா உங்கப்பாவுக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்."

நெவில் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா மழைக்கோட்டின் பட்டன்களைப் போட்டுக்கொண்டிருந்தார்.

*

சனிக்கிழமை வழக்கம்போல மழை. வழக்கம்போல அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பாண்டு கோஷ்டி ஒரு கீதத்தை அடித்துத் துவைத்தது. வறுத்த ஆட்டு சாசேஜும் வெங்காயமும் ரொட்டியில் வைத்துத் தந்தார்கள், இந்தத் தடவை நான் நின்றுகொண்டே தின்றுவிட்டேன். மூஞ்சி அறுத்தவன் மகள்முறை வருகிறாள் என்று கூட்டம் கோரலுக்கு ஒதுங்கி வழிவிட்டது. அவள் வெர்னாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

போர்வையை விலக்கினார்கள். கடைசி வரியில் புதிதாய் வெட்டிய மஞ்சள் எழுத்தில் சிரில் வென். கூட்டத்துக்கு அதைப் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்தத் திருட்டுப்பய பேரு எதுக்குய்யா அங்க?" என்று டெஸ் கத்தினார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். பலகையின் மேல்பக்கத்தில், பெர்சியின் பெயருக்குக் கீழே இருந்த வரியை யாரோ இழைத்து எடுத்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

நெவில் கிராடக் மைக்குக்கு வந்தார். கையில் எழுதிவைத்த பேச்சு இருந்தது. அதைப் பிரித்தார், மழையில் நனைந்து எழுத்து ஓடுவதைப் பார்த்தார், மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் அவர் மனைவியும் பேரப்பிள்ளைகளும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, கோரலைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள், உதவிக்கு ஒன்றும் செய்யவில்லை.

"அந்தக் குளிர்காலம் எங்கப்பா ஒரு மரங்கூட வெட்டலை," என்றார் நெவில்.